கொல்லிமலையும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களும்

காலைக் காப்பியோடு கைப்பேசியில் 'வேர்டில்' விளையாடுபவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஜோஷ் வார்டில் என்ற பொறியாளர் 2021இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட இந்த விளையாட்டை, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் வாங்கியது. இதற்கு மூத்தது குறுக்கெழுத்துப் புதிர். ஆர்தர் வின் உருவாக்கிய முதல் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வந்தது.

இப்போது நமக்கு ஐந்து குறிப்புகள். எல்லாமே ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள். 1. கடைசி எழுத்து ஓ, ஒரு பழம். 2. அடுத்தடுத்து இரண்டு ஆர், சோற்றோடு சேர்வது. 3. நடு எழுத்து டி, ஓர் இலை. 4. முதலும் கடைசியும் ஏ; அந்த இலையோடு மெல்லும் கொட்டை. 5. கடைசி எழுத்து ஏ, செக்குக்குப் போவது.

விடைகள்: மேங்கோ, கறி, பீட்டல், அரிக்கா, காப்ரா. அதாவது நம் மாங்காய், கறி, வெற்றிலை, அடைக்காய், கொப்பரை. சிலவற்றுக்குத் தமிழையும் சிலவற்றுக்கு மலையாளத்தையும் அகராதிகள் மூலமாகக் காட்டுகின்றன. இரண்டு மொழிக்கும் வேர் ஒன்றுதான். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்ச்சுகீசிய வணிகர்கள் சரக்கோடு அதன் பெயரையும் ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் வாயிலிருந்து மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் போயின. இப்படிப் போன சொற்களைத் திரட்டி ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தயாரித்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. அதில் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

எழுத்துக் கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. 'கறி' நமக்கு இரண்டே எழுத்து, அவர்களுக்கு ஐந்து. 'வெற்றிலை' நமக்கு நான்கு. 'அடைக்காய்' மட்டும் இரு பக்கமும் ஐந்து. மெய்யும் உயிரும் சேர்ந்ததை நாம் ஓரெழுத்தாக எண்ணுகிறோம், அவர்கள் தனித்தனியாக எண்ணுகிறார்கள்.

இந்தச் சரக்குகள் விளையும் இடத்தைப் பார்க்க நாமக்கல் மாவட்டமே போதும். காவிரிக் கரையில் பரமத்திவேலூர் வெற்றிலைக் கொடிக்கால்கள். மாவட்டத்தின் இன்னொரு பக்கம், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை. அங்கே பலாவும் மிளகும் காப்பியும் விளைகின்றன.

பலாவுக்கு ஆங்கிலத்தில் 'ஜாக்'. கப்பல் நின்றது கேரளக் கரையில் என்பதால், பலா என்ற பெயர் போகாமல் 'சக்க' என்ற மலையாளப் பெயர் போனது. மிளகின் கதை வேறு. 'பெப்பர்' என்ற சொல் திப்பிலியின் வடமொழிப் பெயரான 'பிப்பலி'யிலிருந்து கிரேக்கம், லத்தீன் வழியாக வந்தது. 'மிளகு' தண்ணீரில் கரைந்து, 'மிளகுத்தண்ணி'யாகத்தான் ஆங்கிலத்தில் ஏறியது. ஆங்கிலத்தில் அதற்குப் பன்னிரண்டு எழுத்து; வேர்டிலில் இடமில்லை!

ஆக, ஆங்கில அகராதியின் இந்தப் பகுதி ஒரு பழைய சரக்குப் பதிவேடு. கப்பல் ஏறிய பொருளுக்கு அதில் பெயர் உண்டு. ஏறாத பொருளுக்கு?

கொல்லிமலையில் மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாக விளைவித்தவை சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு. சாமை என்றால் ஒரே சாமை அல்ல. பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று ரகத்துக்கொரு பெயர். தினையிலும் செந்தினை, பெருந்தினை உண்டு. ஆங்கிலத்தில் எல்லாச் சாமையும் 'லிட்டில் மில்லட்', எல்லாத் தினையும் 'ஃபாக்ஸ்டெயில் மில்லட்'. ஊருக்குள்ளேயே விளைந்து ஊருக்குள்ளேயே உண்ட தானியம். ஏற்றிச் செல்ல யாரும் வரவில்லை.

இந்த வயல்களில் பிறகு பெரும் பகுதியைப் பிடித்தது மரவள்ளி. பிரேசிலிலிருந்து வந்த பயிர். 'டாப்பியோக்கா' என்ற பெயரும் அங்குள்ள துப்பி மொழிச் சொல். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொண்டதால் கையில் காசு கிடைத்தது. சாமையையோ உரலில் குத்தி உமி நீக்க வேண்டும். அந்தப் பாடு முழுக்கப் பெண்களுடையது. அதைக் கைவிட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. 1990களிலிருந்து மலையில் பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதைகளைச் சேமித்ததோடு ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் வைத்ததற்குக் காரணம் இதுதான். 2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நம் மளிகைக் கடைகளிலும் சாமைப் பொட்டலங்களைப் பார்க்கிறோம். அவற்றில் 'சாமை' என்று மட்டுமே இருக்கிறது. எந்தச் சாமை என்று இல்லை.

'மேங்கோ'வை நாம் மறந்தாலும் ஆங்கிலேயர் நினைவில் வைத்திருப்பார்கள். கட்டவெட்டிச் சாமைக்கு அப்படி வெளியூர்ப் பாதுகாப்பு கிடையாது. விதைக்க ஒருவர், வாங்க ஒருவர் இருக்கும்வரைதான் அந்தப் பெயரும் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் ஊர் நெல், சாமை, கேழ்வரகு ரகங்களின் பெயர்களைக் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம். எத்தனை எழுத்தாக இருந்தாலும் சரி.