வடக்கன்குளத்துச் சுவர்

தமிழகக் கிறித்தவத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வி, மருத்துவம், அச்சு, அகராதி என்று அதன் கொடைகளை வரிசைப்படுத்துவது வழக்கம். அவை மறுக்க முடியாதவை. தமிழ் படித்த நாம் அவற்றுக்குப் பட்டிருக்கும் கடனும் பெரிது. ஆயினும், பிறரை நேசிப்பதைத் தலையாய கட்டளையாகக் கொண்ட ஒரு சமயம், சாதியால் பிளவுண்ட நம் மண்ணில் அக்கட்டளையை எவ்வாறு வாழ்ந்து காட்டியது என்ற கேள்விக்கு இந்த வரிசையில் விடை கிடைப்பதில்லை. விடை தேடுவோர் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், இராதாபுரம் வட்டத்திலுள்ள வடக்கன்குளத்தின் கதையைப் படித்தாக வேண்டும். ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இவ்வூரின் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார்.

கதையின் வேர் மதுரையில் இருக்கிறது. 1606ஆம் ஆண்டில் அங்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, சாதி என்பது சமூக வழக்கமே, அதைச் சமயத்தோடு சேர்த்துக் காண வேண்டியதில்லை என்று கொண்டார். அவருடைய வழிமுறையில் உயர்சாதியினருக்குச் சந்நியாசிக் குருக்களும், மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமிகளும் எனப் பணி இரண்டாகப் பிரிந்தது. நற்செய்தி பரவ வேண்டும் என்ற ஆர்வமே இதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் குருக்களே இரு வகையாகப் பிரிந்து நின்ற பிறகு, மக்கள் ஒரே மந்தையாக நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பதெப்படி?

வடக்கன்குளம் 1745ஆம் ஆண்டில் ஒரு சிறப்பைப் பெற்றது. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி டிலனாயின் வழியே கிறித்தவத்தை அறிந்து, இவ்வூரில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அரசின் சினத்துக்கு ஆளாகி, பல துன்பங்களுக்குப் பின் 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி வேறுபாடு பாராமல் எல்லோரையும் சமமாக நடத்தினார் என்பதை அவருடைய வாழ்வின் சிறப்பாகத் திருச்சபை எடுத்துச் சொல்கிறது.

அந்த வடக்கன்குளத்தில்தான் 1872ஆம் ஆண்டில் விந்தையான கோயில் ஒன்று எழுந்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப் போல விரிந்து செல்லும் அரங்குகள் இரண்டு. ஓர் அரங்கில் வெள்ளாளரும் அவர்களைச் சார்ந்தோரும், மற்றதில் நாடார்களும் அமர்ந்தனர். இடையே சுவர். பீடத்தில் நிற்கும் குருவை இரு சாராரும் காணலாம். ஒருவரையொருவர் காண இயலாது. கட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். ஓயாத பூசலுக்கு முடிவு காணவே இவ்வாறு கட்டினர். நம்மைச் சிந்திக்க வைப்பது இதுதான். சண்டை இல்லாமையை அன்பு என்று எண்ணிய மயக்கமே அங்கே செங்கல்லும் சுண்ணாம்புமாக உருப்பெற்றது.

கத்தோலிக்கரை மட்டும் குறை கூறுவதும் நேர்மையன்று. 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்த புதிய மிஷனரிகளை 1820களின் இறுதியில் எழுத்தின் வழியாகவே எதிர்த்தார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதியைக் கைவிட வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தபோது பலர் சபையை விட்டு விலகினர். மரபை வன்முறையாகப் பறிப்பது அன்பாகுமா என்ற வாதத்தில் சிறிது பொருள் உண்டு. ஆனால் அம்மரபால் பின்வரிசையில் அமர்த்தப்பட்டவனிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், அன்புக்கு வேறு இலக்கணம் கிடைத்திருக்கும். கொரிந்து சபையில் வசதியுள்ளோர் முன்னதாகவே உண்டு முடிக்க, ஏழைகள் பசித்திருந்ததைக் கண்டு பவுல் கடிந்து எழுதியதை இங்கு நினைவுகூரலாம். திருவிருந்தில் பாகுபாடு என்பது அச்சமயத்தின் தொடக்கக் காலத்திலேயே கண்டிக்கப்பட்ட பிழை.

1910ஆம் ஆண்டில் இயேசு சபைக் குரு கௌசானல் வடக்கன்குளத்துச் சுவரை இடித்தார். வெள்ளாளத் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. அங்கும் அவர்கள் கோரிக்கை நிற்கவில்லை. ஒரே நம்பிக்கையை ஏற்றவர்கள், தம்மோடு அமரத் தகாதவர் என்று சிலரைத் தள்ளிவைக்கும் உரிமையை அரசின் சட்டத்திடம் கேட்டு நின்றதும், அந்த உரிமை இல்லையென்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்ததும் திருச்சபை பெருமை கொள்ளத்தக்கவை அல்ல.

சுவர் விழுந்தது, பிரிவினை விழவில்லை. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் வன்னியக் கிறித்தவர்களுக்கும் தலித் கிறித்தவர்களுக்கும் இடையே மோதல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அங்கே தலித் மக்கள் கேட்டது தனிப் பங்கு. வடக்கன்குளத்தில் உயர்சாதியினர் தனியிடம் கேட்டனர். எறையூரில் ஒடுக்கப்பட்டோரே தனித்துப் போக விரும்பும் நிலை வந்தது. சேர்ந்திருப்பதில் அவர்கள் கண்ட அவமதிப்பு எத்தகையதென்று இதிலிருந்தே உணரலாம். அரசும் இவர்களுக்கு உதவவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி அமைந்த பட்டியல் சாதித் தகுதி, பின்னர் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் நீட்டிக்கப்பட்டதேயன்றித் தலித் கிறித்தவர்களை எட்டவில்லை. கிறித்தவத்தில் சாதியில்லை என்று சட்டம் சொல்கிறது. கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் வேறு சொல்கின்றன.

2022 மே 15 அன்று உரோமையில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. 2012இல் அருளாளர் பட்டம் பெற்றபோது அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பின்னொட்டு, எழுந்த கோரிக்கைகளை ஏற்று, இம்முறை நீக்கப்பட்டது. சாதியைத் துறந்தவராகப் போற்றப்படும் ஒருவரின் பெயரிலிருந்து அதை அகற்ற, அவர் இறந்த பின்னும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பட்டங்களும் ஆணைகளும் வேண்டியவையே. ஆனால் அன்பு என்பது அவற்றோடு முடிவதில்லை. யாரோடு ஒரே வரிசையில் அமர்கிறோம், யார் வீட்டில் உண்கிறோம், யாருடைய பிணத்தைச் சுமக்கிறோம், யார் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம் என்பவற்றில்தான் அது சோதிக்கப்படுகிறது. கிறித்தவர்களுக்கு மட்டும் உரிய சோதனை அன்று இது. சமத்துவத்தைச் சொல்லால் போற்றிச் சாதியை வீட்டில் பேணும் நாம் அனைவரும், வடக்கன்குளத்துச் சுவரின் ஏதோவொரு பக்கத்தில்தான் அமர்ந்திருக்கிறோம்.