கட்டுவதற்குக் காசு உண்டு, திருத்துவதற்கு?



தண்ணீர் பில் கூடினால் நாம் எல்லோரும் கதைக்கிறோம். மலசலக்குழி நிரம்பி, பவுசருக்குக் காசு கட்ட வேண்டி வந்தால் முணுமுணுக்கிறோம். நிலத்துக்குள் கிடக்கும் குழாய் பழுதானால் திருத்தும் காசு எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்பதில்லை. நம் முன்னோர் இந்தக் கேள்வியை நன்றாக அறிந்திருந்தார்கள்.

வன்னி குளங்களின் நாடு. குளத்தைக் கட்டுவது ஒரு தடவை வேலை. அணைக்கட்டுக்கு மண் போடுவதும் வாய்க்கால் துப்புரவாக்குவதும் வருடா வருடம் செய்ய வேண்டியவை. அரசர் காலத்தில் இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பால் அந்த வேலை நடந்தது. 1832இல் ஆங்கிலேயர் அதை ஒழித்தார்கள். கட்டாய உழைப்பு போனது நல்லதே. ஆனால் குளம் திருத்தும் கடமையும் அதோடு சேர்ந்து போனது. அதற்குப் பதிலாக ஆளும் வைக்கவில்லை, காசும் வைக்கவில்லை. உலர் வலயத்தில் குளங்கள் பல உடைந்து கிடந்தன. கிராமத்தின் பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு மீண்டும் சட்ட பலம் கொடுக்க 1856இல் ஒரு கட்டளைச் சட்டம் தேவைப்பட்டது. இடையில் கழிந்தது 24 வருடம்.

நமது மார்க்க வரலாற்றிலும் இந்தப் பாடம் உண்டு. மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரழி) அவர்கள் விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். பின்னர் வந்த சட்ட அறிஞர்கள் வக்ஃபு பற்றி எழுதியபோது, அதன் வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தைப் பழுதுபார்ப்பதற்கே என்று வைத்தார்கள். பங்கு பிரிப்பது அதன் பிறகுதான்.

இனி கொழும்பைப் பார்ப்போம். அங்குள்ள கழிவுநீர்க் குழாய்களின் பழைய பகுதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பதித்தது. நூறு வயது கடந்த குழாய்கள். அவற்றுக்கென்று தனிக் கட்டணம் நீண்ட காலம் அறவிடப்படவில்லை. மாநகர சபையின் பொது வருமானத்திலிருந்தே செலவு போனது. வீதிக்கும் குப்பைக்கும் விளக்குக்கும் போன பிறகு மிஞ்சியதே நிலத்தடிக் குழாய்க்கு. கடைசியில் பெரிய திருத்த வேலைக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் கடன் வாங்க வேண்டி வந்தது. குடிநீர்க் குழாயும் அப்படித்தான். கொழும்பு நகருக்கு அனுப்பிய நீரில் ஏறத்தாழப் பாதி, கசிவாலும் களவாலும் கணக்கில் வராமல் போன காலமும் இருந்தது.

1975இல் இயங்கத் தொடங்கிய தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணத்தையும் பாருங்கள். 2012க்குப் பிறகு பத்து வருடம் அது கூட்டப்படவில்லை. நமக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு 2022இலும் 2023இலும் அடுத்தடுத்துக் கூடியது. 2024இல் சிறிது குறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருந்தால் கூலிக்குப் போகும் வீடும் தாங்கியிருக்கும். பொருட்கள் விலையெல்லாம் ஏறிய நேரத்தில் இதுவும் மொத்தமாக வந்து விழுந்தது.

நமது பக்கத்தில் எல்லாம் புதிது. போரின் கடைசியில் கிளிநொச்சியில் சாய்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி நம் கண்ணுக்குள் இன்னும் இருக்கிறது. அதன் பிறகு புதிய தாங்கிகள் எழுந்தன, புதிய குழாய்கள் பதிக்கப்பட்டன. கழிவுநீருக்கோ வீட்டுக்கு வீடு குழிதான். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு முகாம்களில் வாழ்ந்த நமக்கு, கிணறும் மலசலக்குழியும் அருகருகே இருந்தால் பிள்ளைகளுக்கு என்ன வரும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீரூற்று என்று ஊருக்கே பெயர் வைத்த மண்ணில் ஊற்று கெட்டுப்போக விடலாமா?

இன்றைய புதிய குழாய் நமது பேரப்பிள்ளைகள் காலத்தில் பழைய குழாய். ஆகவே உள்ளூராட்சி மன்றக் கூட்டத்தில் "ஏன் கூட்டினீர்கள்?" என்பதோடு இவற்றையும் கேட்போம்: கட்டும் காசில் திருத்த வேலைக்கென்று எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்? அதைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறீர்களா? வசதி இல்லாத வீட்டுக்கு என்ன சலுகை? பள்ளிவாசல் நிருவாகத்தினரும் வுழூச் செய்யும் இடத்தின் குழாய்க்கும் குழிக்கும் மாதம் சிறு தொகை ஒதுக்கித் தொடங்கலாம்.

உங்கள் வீட்டுக் குழி கடைசியாக எப்போது துப்புரவாக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று கீழே எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு போவோம், இன்ஷா அல்லாஹ்.