யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வீடு

கலை என்றதும் சுவரில் மாட்டிய ஓவியமும் கல்லில் செதுக்கிய சிற்பமும்தான் நம் நினைவுக்கு வரும். ஒரு கம்பெனியைப் பதிவு செய்வதும் ஒரு வீட்டை வாங்குவதும் கலைப்படைப்பு ஆகுமா? ஜெர்மனியின் மரியா ஐக்ஹோர்ன் (பிறப்பு 1962) என்ற பெண் கலைஞர் அப்படித்தான் செய்தார். எல்லாவற்றையும் தனியார் உடைமையாக்கி விலை பேசும் பொருளாதாரத்தை அவர் கேள்வி கேட்கும் முறை அது.

ஜெர்மனியின் காஸல் நகரில் 1955 முதல் டாக்குமென்டா என்ற சமகாலக் கலைக் கண்காட்சி நடந்துவருகிறது. 2002 கண்காட்சிக்காக அவர் தம் பெயரில் ஒரு பங்கு நிறுவனத்தை முறைப்படி பதிவு செய்தார். மூலதனம், சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகையான 50,000 யூரோ. பிறகு பங்குகள் அனைத்தையும் அந்த நிறுவனத்துக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். நிறுவனத்துக்கு வெளியே உரிமையாளர் என்று எவரும் இல்லை. அந்தப் பணம் பெருகக் கூடாது என்பதும் நிபந்தனை.

2017-இல் டாக்குமென்டா காஸலோடு ஏதென்ஸிலும் நடந்தது. கிரீஸ் அப்போது கடனில் மூழ்கியிருந்தது. கடன் கொடுத்தவர்கள் விதித்த நிபந்தனைகளில் பொதுச் சொத்துகளை விற்பதும் ஒன்று. அதற்கென 2011-இல் தனி அமைப்பே உருவானது. 2016-இல் பிரேயஸ் துறைமுக நிறுவனத்தின் 51 சதவீதப் பங்குகள் சீனாவின் காஸ்கோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஏதென்ஸில் கண்காட்சி தொடங்கிய அதே 2017 ஏப்ரலில், 14 விமான நிலையங்களின் நிர்வாகம் 40 ஆண்டுகளுக்கு ஜெர்மனியின் ஃபிராபோர்ட் தலைமையிலான நிறுவனங்களின் கைக்குப் போனது.

அந்த நகரில்தான் ஐக்ஹோர்ன் ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தார். அதை வாங்கி, சட்டப்படியே எவருக்கும் சொந்தமில்லாததாக மாற்றுவது அவரது திட்டம். அது எளிதல்ல. உரிமையாளர் இல்லாத நிலமும் கட்டடமும் கிரேக்கச் சட்டப்படி அரசுக்குச் சேர்ந்துவிடும். ‘எவருக்கும் சொந்தமில்லை’ என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதை அந்த முயற்சி வெளிப்படுத்தியது.

இதைப் படிக்கும்போது நமக்கு வக்ஃபு நினைவுக்கு வராமல் இருக்காது. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) கேட்டபோது, நிலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்த நிலத்தை விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசுகள் பங்கு பிரிக்கவோ முடியாது.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். ஐக்ஹோர்னின் வீடு சந்தையிலிருந்து விலகி நிற்பதோடு சரி. அதில் யாரும் குடியிருக்கப் போவதில்லை. வக்ஃபு விற்பனைக்கு வராதது மட்டுமல்ல, அதன் பலன் ஏழைகளுக்குப் போய்ச் சேரவும் வேண்டும். விற்காமல் வைத்திருப்பதால் மட்டும் ஒரு வக்ஃபு சொத்தின் கடமை முடிந்துவிடாது. எதையாவது விற்காமல் காக்க முடியுமா என்று அந்தக் கலைஞர் கேட்கிறார். காத்ததைக் கொண்டு யார் பசி தீர்ந்தது என்பது நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.