தொண்டைமானாற்றின் இரவு: வீதி விளக்கும் மின்வழங்கலும்

1. துணிபு

வீதி விளக்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விளக்கின் வகையைக் கொண்டே காலத்தைப் பிரிப்பர்: இழைக்குமிழ், பாதரச ஆவி, சோடியம், எல்.ஈ.டி. 1930களில் விற்பனைக்கு வந்த உயரழுத்தப் பாதரச ஆவி விளக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களின் கடைவீதிகளில் பரவியது. 1960களில் உயரழுத்தச் சோடியம் வந்தது. அந்நகரங்களுக்கு இப்பகுப்புப் பொருந்தும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருந்தாது. இங்கே காலத்தைப் பிரித்தது மின்வழங்கலே.

2. மின்சாரத்துக்கு முன்

குடாநாட்டில் நீரேரி கடலைச் சேரும் ஊரான தொண்டைமானாற்றின் பெரிய இரவுக் கூட்டம் செல்வச்சந்நிதி முருகனின் ஆவணித் திருவிழா. அது வளர்பிறையில் நடந்து பூரணையில் தீர்த்தத்தை எட்டும். கையில் அரிக்கன் லாம்போடு நடந்த அடியாருக்கு வழிகாட்டியதில் நிலவுக்கும் பங்குண்டு.

3. சுன்னாகமும் குமிழும்

குடாநாட்டின் மின்சாரம் நெடுங்காலம் சுன்னாகத்து டீசல் பிறப்பாக்கிகளை நம்பியிருந்தது.

3.1 வோல்ற்றளவு: இழைக்குமிழுக்கு வோல்ற்றளவு பத்து வீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது வீதம் குறையும். மின்கம்பித் தொடரின் கடைக்கோடியில் இருக்கும் ஊருக்கு இது சிறிய இழப்பல்ல.

3.2 மீளெரிதல்: பாதரச விளக்கு அதே மின்சாரத்தில் மும்மடங்குக்கு மேல் ஒளி தரும். ஆனால் சோக்கு இல்லாமல் எரியாது. ஒரு கணம் மின் தடைப்பட்டாலும் அணைந்துவிடும். ஆறிய பின்னரே மறுபடி பற்றும். அதற்குச் சில நிமிடங்களாகும். உறுதியான மின்வழங்கல் உள்ள நகரில் இக்குறை தெரியாது. மின் அடிக்கடி தடைப்படும் ஊரில் வீதி முழுவதும் இருளும். விளக்கின் திறனை மட்டும் ஒப்பிடும் ஆய்வுகள் இதைக் காணத் தவறுகின்றன.

4. இருண்ட ஆண்டுகள்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அரிதானது. அப்போது ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெயில் நனைத்து, மெல்லிய திரியில் எரித்தார்கள். பிள்ளைகள் அந்த ஒளியில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். எந்த விளக்கியல் நூலிலும் இடம்பெறாத அந்தப் போத்தல், எண்ணெய்ச் சிக்கனத்தில் ஒரு தொழில்நுட்பச் சாதனையே. நம் வரலாற்றில் அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

5. மீள்வு

போர் முடிந்தபின், கிளிநொச்சி–சுன்னாகம் 132 கிலோவோல்ற் தொடரின் வழியே குடாநாடு தேசிய மின்கட்டமைப்போடு மீண்டும் இணைந்தது. இன்று எல்.ஈ.டி. விளக்குகள் வந்துவிட்டன, பழைய கம்பங்களும் மூடிகளும் உப்புக்காற்றில் துருப்பிடித்து அழிகின்றன. வீதி விளக்குகளைப் பராமரிக்கும் உள்ளூராட்சி மன்றங்கள் தம் பழைய பதிவேடுகளை எறியாமல் காக்கட்டும். தம் சந்தியில் முதல் விளக்கு எரிந்த ஆண்டை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களிடம் இளையோர் கேட்டு எழுதிவைக்கட்டும்.