உறுப்பைக் கொடுத்தால் நகல்தான் போகும்

கணினி விளையாட்டுக்கு நிரல் எழுதப் பழகுகிறவர்கள் சீக்கிரமே ஓர் இடத்தில் திகைத்து நிற்பார்கள். பாத்திரம் நிற்கும் இடம் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று எண்கள் உறுப்புகளாக அடங்கிய ஒரு ஸ்ட்ரக்ட். அதில் உயரத்தை மட்டும் எடுத்து ஒரு மெத்தடிடம் கொடுத்துப் பத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். மெத்தட் கூட்டிவிட்டுத் திரும்புகிறது. பாத்திரமோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. போனது நகல், கூட்டல் நடந்ததும் நகலில்தான். பழைய கணினிகளின் மிச்சசொச்சம் என்று இந்த விதியை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் 1996 முதல் வந்த விளையாட்டு மொழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. ஒரு பாத்திரத்தின் இடம் அதற்கு மட்டும் சொந்தமான எண் அல்ல. மோதல் கணக்கு, திரையில் வரைவது, எதிரியின் பார்வை என்று எல்லாமே அதை நம்பி நடக்கின்றன. அதை மாற்றுகிறவர் விளையாட்டு உலகத்துக்குத் தெரிவித்துத்தான் மாற்ற வேண்டும் என்ற தேவையே இந்த விதியைப் படிப்படியாக இறுக்கியது.

தொடக்கத்தில் விதி தளர்வாகவே இருந்தது. 1996இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக் விளையாட்டுக்காக ஜான் கார்மாக் குவேக்சி என்ற சிறு மொழியை உருவாக்கினார். அதில் ஸ்ட்ரக்ட் கிடையாது. மூன்று எண்கள் சேர்ந்த வெக்டர் உண்டு. பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோடும் இசட்டும் சேர்த்தால் உயரம் கிடைக்கும். அழைத்தவரின் வேரியபிளை ஃபங்ஷன் திருத்திக் கொடுக்க வழி இல்லை. அதனால் மேக்வெக்டர்ஸ் என்ற ஃபங்ஷனிடம் ஒரு கோணத்தைக் கொடுத்தால், முன், வலம், மேல் ஆகிய மூன்று திசைகளையும் அது பொதுவான மூன்று வேரியபிள்களில் எழுதி வைத்துவிட்டுப் போகும். எடுத்துப் பயன்படுத்துவதற்குள் வேறொரு கோணத்துக்கு அதை மறுபடி அழைத்தால், முதல் விடை அழிந்துவிடும். இந்த அசௌகரியத்தைவிட முக்கியமானது செட்ஆரிஜின் என்ற ஃபங்ஷன். ஒரு பொருளின் இடத்தை நேரடியாக மாற்ற குவேக்சி அனுமதித்தது. ஆனால் எந்தப் பொருள் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற இணைப்புகளை என்ஜின் தனியே வைத்திருந்தது. நேரடி மாற்றம் அவற்றைப் புதுப்பிக்காது. 1999 டிசம்பரில் வெளியான குவேக் மூலநிரலில், பொருளை நகர்த்த செட்ஆரிஜினைத்தான் அழைக்க வேண்டும், இல்லாவிட்டால் மோதல் கணக்கு குழம்பிப்போகும் என்று எச்சரிக்கும் குறிப்பு இருக்கிறது. விதி அப்போதே இருந்தது. கம்பைலரில் ஏறாமல், படிக்கிறவரின் பொறுப்பாக நின்றது.

1998இல் வந்த அன்ரியல் விளையாட்டுக்கு டிம் ஸ்வீனி வடிவமைத்த அன்ரியல்ஸ்கிரிப்ட் இந்த இரண்டு குறைகளையும் நேராக எதிர்கொண்டது. ஸ்ட்ரக்டுகள் வந்தன, அவை நகலாகவே போயின. ஆனால் ஃபங்ஷனின் தலைப்பில் ஒரு பெயருக்கு முன் அவுட் என்று எழுதினால், அழைத்தவரின் வேரியபிளிலேயே விடை வந்து சேரும். மேக்வெக்டர்ஸ் செய்த அதே வேலையை இங்கே கெட்ஆக்ஸிஸ் செய்தது. மூன்று திசைகளும் அழைத்தவர் சொன்ன மூன்று வேரியபிள்களில் இறங்கின, எதுவும் எதையும் அழிக்கவில்லை. இவ்வளவு வசதி கொடுத்த அதே மொழி, பாத்திரத்தின் லொகேஷனை மட்டும் கான்ஸ்ட் என்று பூட்டிவைத்தது. அதை நகலெடுக்கலாம், நகலில் உயரத்தைக் கூட்டலாம். பிறகு அந்த நகலை செட்லொகேஷனிடம் கொடுக்க வேண்டும். அது மெய், பொய் என்று பதிலும் சொல்லும். போக நினைத்த இடத்தில் சுவர் இருந்தால் பொய். உறுப்பை நேரே திருத்த விட்டிருந்தால் இந்தப் பதிலைச் சொல்ல யாருமே இருந்திருக்க மாட்டார்கள். குவேக்கில் குறிப்பாக இருந்தது இங்கே மொழியின் சட்டமாகிவிட்டது.

2005இல் வந்த யூனிட்டி என்ஜினில் சி ஷார்ப் மொழியில் எழுதுகிறவர்கள் இதே சட்டத்தைக் கம்பைலரின் சிஎஸ்1612 என்ற பிழையாகச் சந்திக்கிறார்கள். பாத்திரத்தின் இடத்தைச் சொல்லும் டிரான்ஸ்ஃபார்மின் பொசிஷன் என்பது வேரியபிள் அல்ல, ப்ராப்பர்ட்டி. கேட்டால் நகல் தரும், மதிப்பு கொடுத்தால் என்ஜினுக்குள் போய் எழுதும். அதன் ஓர் உறுப்பை மட்டும் மாற்ற முடியாது, ரெஃப் போட்டு மெத்தடுக்குக் கொடுக்கவும் முடியாது. இங்கே ஓர் எதிர்வாதம் வரும்: அதே யூனிட்டியில் இருந்த யூனிட்டிஸ்கிரிப்ட் என்ற மொழி ஓர் உறுப்பை மட்டும் மாற்றும் வரியை ஏற்றுக்கொண்டதே, பிறகு சி ஷார்ப்புக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? யூனிட்டிஸ்கிரிப்டின் கம்பைலர் விதியை மீறவில்லை. நகலெடுத்து, திருத்தி, திரும்ப எழுதும் மூன்று படிகளையும் தானே செய்து மறைத்தது. அந்த உதவி ஒற்றை வரியோடு முடிந்தது. அதே பொசிஷனை ஒரு வேரியபிளில் வாங்கித் திருத்தியவருக்கு எதுவும் நகரவில்லை, பிழைச்செய்தியும் வரவில்லை. வாயடைத்து நிற்கும் நிரலைவிட முகத்துக்கு நேரே மறுக்கும் கம்பைலர் எவ்வளவோ மேல்.

வேகம்தான் காரணம் என்பார்கள் சிலர். அதில் பாதி உண்மை. மூன்று எண்கள் 12 பைட். அவற்றை நகலெடுப்பது மலிவு. ஒவ்வொரு வெக்டரையும் தனிப் பொருளாக உண்டாக்கினால் நினைவகத்தைத் துப்புரவு செய்யும் வேலை கூடி ஆட்டம் திணறும். ஆகவே வெக்டர் ஏன் ஸ்ட்ரக்ட் ஆயிற்று என்பதற்கு வேகம் விடை சொல்லும். பொசிஷன் ஏன் பூட்டப்பட்டது என்பதற்குச் சொல்லாது. இதைவிடக் கனமான வாதம் லுவாவைக் காட்டுவது: அந்த மொழியில் டேபிள்கள் நகலாகாமல் அப்படியே போகின்றனவே, உலகம் ஒன்றும் கவிழவில்லையே? ஆனால் லுவாவிலிருந்து கிளைத்த மொழியில் எழுதப்படும் ரோப்லாக்ஸ் விளையாட்டுகளைப் பாருங்கள். அங்கே வெக்டர்3ஐ உண்டாக்கியபின் அதன் உறுப்பை மாற்றவே முடியாது. இடம் மாற வேண்டுமானால் புதிய வெக்டரை முழுதாகக் கொடுக்க வேண்டும். டேபிளை அப்படியே கடத்தும் மரபில் பிறந்தும், இடம் என்று வந்தபோது ரோப்லாக்ஸை உருவாக்கியவர்களும் அதே வாசலைத்தான் வைத்தார்கள்.

2014இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட அன்ரியல் என்ஜின் 4 அன்ரியல்ஸ்கிரிப்டைக் கைவிட்டது. பெட்டிகளைக் கோடுகளால் இணைக்கும் ப்ளூப்ரிண்ட் அந்த இடத்துக்கு வந்தது. அதில் ஓர் அரேயிலிருந்து ஸ்ட்ரக்டை எடுக்கும் பெட்டி இரண்டு வகை: ஒன்று நகலைத் தரும், மற்றது அசலையே காட்டும். எது எது என்று பெட்டியின் பெயரிலேயே எழுதியிருக்கிறது. பாத்திரத்தின் இடத்தை மாற்றுவதற்கு மட்டும் அங்கேயும் தனிப் பெட்டிதான்.