பச்சை தொலைந்த கதை: மானிட்டர் வாங்கப் போனவனின் குறிப்புகள்

அப்பாவின் சதாபிஷேகத்துக்கு நானே போட்டோ எடுத்தேன், ஆல்பத்தையும் நானே வடிவமைத்தேன். இருபது வருடமாகக் கேமராவோடு அலைபவன் என்கிற கர்வம்தான். அச்சாகி வந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "இது என் புடவையே இல்லடா."

மயில்கழுத்து நிறப் பட்டு. நீல இழையும் பச்சை இழையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, அசைந்தால் நிறம் மாறும். தாளில் அது சோர்ந்துபோன நீலமாக இருந்தது. முகங்களோ, காலை ஹோமத்தைச் சாயங்காலம் ஆறரைக்கு எடுத்த மாதிரி இருண்டு கிடந்தன. ஆல்பம் போட்ட இடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கிருந்தவர் நிதானமாக, "சார், எங்க மிஷின் சரியாத்தான் இருக்கு. உங்க மானிட்டர்ல வெளிச்சம் எவ்ளோ வச்சிருக்கீங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பேசாமல் திரும்பி வந்தேன்.

சரி, நல்ல மானிட்டர் ஒன்று வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனால் அங்கே வேறு கூத்து. ஒரு பெட்டியில் 72% என்டிஎஸ்சி என்கிறான். இன்னொன்றில் 99% எஸ்ஆர்ஜிபி. விலை இரண்டு மடங்கான மூன்றாவதில் 99% அடோபி ஆர்ஜிபி. கடைப் பையனைக் கேட்டால் "எது ஜாஸ்தியோ அது நல்லது சார்" என்று முடித்துவிட்டான். ஒரு எண்ணைப் பார்த்தால் இதை முதலில் யார், எதற்காக முடிவு செய்தார்கள் என்று தேடிப் போவது எனக்குப் பழைய வியாதி. இரண்டு மாதம் ஓடிவிட்டது. மானிட்டரும் வாங்கியாகிவிட்டது. தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

1920-களின் கடைசியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட், ஜான் கில்ட் என்ற இருவர் தனித்தனியாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஏதோ ஒரு நிற வெளிச்சம். மறு பக்கம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டிக் குறைத்து அதே நிறத்தைக் கொண்டுவர வேண்டும். ரைட்டிடம் உட்கார்ந்தவர்கள் 10 பேர், கில்ட்டிடம் 7 பேர். அந்தப் பதினேழு பேரின் கண்களை வைத்துத்தான் 1931-ல் சிஐஇ என்ற சர்வதேச அமைப்பு மனிதக் கண்ணுக்கான கணக்கை வகுத்தது. குதிரை லாடம் போல ஒரு படம் பார்த்திருப்பீர்கள், அதற்குள் எல்லா நிறமும் குழைந்திருக்கும். அது அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். மானிட்டரின் சிவப்பு, பச்சை, நீலத்தை அதில் மூன்று புள்ளிகளாக வைத்துக் கோடு போட்டால் ஒரு முக்கோணம் வரும். அந்த முக்கோணத்துக்கு வெளியே இருக்கும் நிறத்தை அந்தத் திரையால் காட்ட முடியாது. மீதிக் கதையெல்லாம் இந்த முக்கோணத்தின் மூலைகளை யார் எங்கே நட்டார்கள் என்பதுதான். அதிலும் பச்சை மூலை.

1953 டிசம்பரில் அமெரிக்க அரசு கலர் டிவிக்கான என்டிஎஸ்சி தரத்தை ஏற்றது. அதில் பச்சை மூலை வெகு தொலைவில் இருந்தது, அதாவது நல்ல அடர்ந்த பச்சை. அடுத்த ஆண்டு ஆர்சிஏ கம்பெனி சிடி-100 என்ற பெட்டியை 1,000 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. 15 அங்குலக் குழாய். நிறம் நன்றாக இருந்தது, வெளிச்சம்தான் போதவில்லை. விளக்கெரியும் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறவனுக்குப் பச்சையின் ஆழம் பற்றி என்ன கவலை? படம் பளிச்சென்று இருக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் பிரகாசமான பாஸ்பர்களுக்கு மாறினார்கள். பிரகாசமான பச்சை மஞ்சளின் பக்கம் சாய்ந்திருந்தது, ஆகவே முக்கோணம் சுருங்கியது. தரம் காகிதத்தில் அப்படியே இருந்தது, வீட்டிலிருந்த பெட்டிகள் மட்டும் மாறிவிட்டன. வெளிச்சத்துக்காகப் பச்சையை விற்றுவிட்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

பிறகு புழக்கத்தில் இருந்த பாஸ்பர்களையே தரமாக எழுதிக்கொண்டார்கள். அமெரிக்காவில் எஸ்எம்பிடிஇ-சி, ஐரோப்பாவில் இபியு. ஹெச்டி டிவிக்காக 1990-ல் உலகப் பொதுத் தரம் (ரெக் 709) வந்தபோது செய்ததைப் பாருங்கள். சிவப்பும் நீலமும் ஐரோப்பாவுடையது. பச்சையின் கிடைமட்ட அளவு ஐரோப்பாவில் 0.29, அமெரிக்காவில் 0.31. புதிய தரத்தில் 0.30! நம்மூர்ப் பஞ்சாயத்தில் வரப்புத் தகராறைத் தீர்ப்பது போல நடுவில் கல்லை நட்டுவிட்டார்கள்.

1996-ல் எச்பி, மைக்ரோசாப்ட் பொறியாளர்கள் நான்கு பேர் இணையத்துக்கென்று ஒரு பொது நிறவெளியை முன்மொழிந்தார்கள். அதுதான் எஸ்ஆர்ஜிபி. மூலைகள் ரெக் 709-ல் இருந்தவையேதான். அன்று மேசையில் இருந்த மானிட்டரெல்லாம் டிவியின் உறவுக்காரக் குழாய்தானே, இருப்பதையே எழுதினால் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்ற யோசனை. கெட்டிக்காரத்தனமான யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று நம் போனிலிருந்து போட்டோ லேப் வரை கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் "சாதாரண" நிறம் என்பது 1950-களின் கூடத்து விளக்குக்குப் பயந்து சுருங்கிய முக்கோணத்தின் வாரிசு.

இதில் வேடிக்கை, கைவிடப்பட்ட 1953 முக்கோணம் சாகவில்லை, அளவுகோலாகப் பிழைத்துக்கொண்டது. கடையில் பார்த்த 72% என்டிஎஸ்சி அதுதான். எஸ்ஆர்ஜிபியின் பரப்பு பழைய என்டிஎஸ்சி பரப்பில் ஏறத்தாழ 71% வரும். ஆக 72% என்று போட்டிருந்தால் எஸ்ஆர்ஜிபி அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் (பரப்பு ஒன்றானாலும் முக்கோணம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கலாம், அதனால் எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம் என்று தனியாகக் கேட்டுவிடுங்கள்). மலிவு லேப்டாப்களில் 45% என்டிஎஸ்சி என்று இருக்கும். அதில் எஸ்ஆர்ஜிபியே முழுதாகத் தெரியாது. நான் ஆல்பம் செய்த லேப்டாப் எது என்று தேடிப் பார்த்தேன். 45-தான்.

அடுத்தது அடோபி ஆர்ஜிபி. 1998-ல் போட்டோஷாப் 5.0 வெளிவரும் சமயம். போட்டோஷாப்பை உருவாக்கிய தாமஸ் நோல், எஸ்எம்பிடிஇ 240எம் என்ற தரத்தின் ஆவணத்திலிருந்து எண்களை எடுத்து ஒரு நிறவெளியைச் செய்து மென்பொருளோடு சேர்த்தார். உபயோகித்தவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் அந்தத் தரத்தை அறிந்தவர்கள் அடோபிக்குத் தகவல் சொன்னார்கள்: நீங்கள் எடுத்தது உண்மையான எண்கள் அல்ல, பின்னிணைப்பில் இலட்சிய நிலை என்று கொடுத்திருந்தவை. போதாக்குறைக்குச் சிவப்பு எண்ணைப் பார்த்தெழுதும்போது ஒரு பிழை வேறு. திருத்திப் பார்த்தார்கள். திருத்தத் திருத்த அச்சுக்கான மாற்றம் மோசமானது. கடைசியில் தப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அடோபி ஆர்ஜிபி (1998) என்று மாற்றினார்கள். உலகத்தின் கேமரா மெனுக்களிலெல்லாம் இன்று உட்கார்ந்திருப்பது அந்தத் தப்புதான்.

அதன் மூலைகளை எழுதிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சிவப்பு, எஸ்ஆர்ஜிபியின் சிவப்பேதான். நீலமும் அதேதான். பச்சை மட்டும் வேறு: 0.21, 0.71. இது 1953 என்டிஎஸ்சியின் பச்சை! டிவிக்காரர்கள் வெளிச்சத்துக்காகத் தொலைத்தது, நாற்பத்தைந்து வருடம் கழித்து, பின்னிணைப்பு எண்களை உண்மையென்று எடுத்துக்கொண்ட தவறு ஒன்றின் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

இது தெரிந்தால் கடையில் கேள்வி எளிதாகிவிடும். இரண்டு மடங்கு விலைக்குக் கூடுதலாகக் கிடைப்பது பச்சை மூலையை ஒட்டிய நிறங்கள்: பச்சை, பசுநீலம், அவற்றை ஒட்டிய சில மஞ்சள்கள். அச்சு மையின் சயான் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் ஆப்செட் அச்சுக்கு வேலை செய்கிறவர்களுக்கும், வீட்டில் நல்ல இங்க்ஜெட் வைத்திருப்பவர்களுக்கும் அது கண்ணுக்குத் தெரிகிற லாபம். முகத்தின் நிறத்துக்கு ஒரு லாபமும் இல்லை.

என் மயில்கழுத்து? அது சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? நல்லது என்று நினைத்துக் கேமராவை அடோபி ஆர்ஜிபியில் வைத்து, அதே கோப்புகளை ஆல்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் மிஷின் வருகிற கோப்பையெல்லாம் எஸ்ஆர்ஜிபி என்றே படிக்கும். பெரிய முக்கோணத்துக்கு எழுதிய எண்ணைச் சின்ன முக்கோணத்தில் வைத்துப் படித்தால் நிறம் சோரும். அவரிடம் போட்ட சத்தத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

புடவைக்குக் காரணம் நான் என்றால், இருட்டுக்குக் காரணம் வெளிச்சம். எஸ்ஆர்ஜிபி ஆவணத்தில் யாரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. திரையின் வெள்ளை சதுர மீட்டருக்கு 80 காண்டெலா (கடையில் நிட்ஸ் என்பார்கள்), அறை வெளிச்சம் 64 லக்ஸ் என்று போட்டிருக்கும். மங்கலான அறையில் சாதுவான ஒரு குழாய் மானிட்டர். இன்றைய மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே 250, 350 என்று எரிகின்றன. கடையில் பக்கத்து மானிட்டரை விடப் பளிச்சென்று இருந்தால்தானே விற்கும்? அந்தக் கால டிவிக்கு நடந்ததேதான்.

தாளின் கணக்கு வேறு. 500 லக்ஸ் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் சுமார் 140 காண்டெலா கொடுக்கும். எங்கள் ஹாலின் டியூப்லைட்டில் 200 லக்ஸ் என்று வைத்தால் 60-ஐத் தாண்டாது. நண்பரிடம் கலரிமீட்டர் கடன் வாங்கி என் லேப்டாப்பை அளந்தேன்: 240. நான்கு மடங்கு பிரகாசத்தில் உட்கார்ந்து "முகம் ரொம்ப வெளுத்திருக்கே" என்று ஒவ்வொரு படமாக இருட்டாக்கியிருக்கிறேன்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்சிடியின் பழைய வகையான டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் தூக்கினாலே நிறம் மாறும். 2000-களின் தொடக்கத்திலும் போட்டோக்காரர்கள் சோனி டிரினிட்ரான் போன்ற குழாய்களை விட மறுத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். (டிரினிட்ரானில் திரையின் குறுக்கே மெல்லிய கம்பி நிழல் தெரியும். பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.) படிகங்களைக் கண்ணாடிக்கு இணையாகவே திருப்பும் ஐபிஎஸ் முறையை ஹிடாச்சி 1996-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது, கோணச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. 2003-ல் ஜப்பானின் ஐசோ கம்பெனி கலர்எட்ஜ் வரிசையைத் தொடங்கியது. நிறவேலைக்கென்றே செய்த எல்சிடிகள் அவை. மேக்காரர்கள் 2009 வரை காமா 1.8 என்று தனி ஆவர்த்தனம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், லேசர் பிரிண்டருக்குப் பொருந்த வேண்டும் என்று வைத்த பழைய ஏற்பாடு. அந்தக் காலத்துப் படங்கள் இப்போது கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் அதையும் சந்தேகப்படலாம்.

கடைசியில் எஸ்ஆர்ஜிபியை முழுக்கக் காட்டும் 27 அங்குல ஐபிஎஸ் ஒன்றை வாங்கினேன். அடோபி ஆர்ஜிபி மானிட்டருக்கு ஆகியிருக்கும் கூடுதல் பணத்தில் பாதிக்குள் சொந்தமாக ஒரு கலரிமீட்டர் கிடைத்தது. என் படங்கள் போகிற இடம் போனும் லேபும்தான், இரண்டுமே என்னிடம் எஸ்ஆர்ஜிபிதான் கேட்கின்றன. ஆப்செட்டில் புத்தகம் போடுகிற நண்பர் கேட்டிருந்தால் மற்றதை வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன். வெள்ளையை டி65-லும் வெளிச்சத்தை 90 காண்டெலாவிலும் வைத்து, மேசை விளக்கைத் திரைக்குப் பின்னால் திருப்பிவிட்டேன். முதல் இரண்டு நாள் திரை அழுதுவடிந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

ஆல்பத்தை அதே இடத்தில் மறுபடி அச்சிட்டேன், இந்தத் தடவை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிக் கொடுத்து. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பாவின் முகம் தெளிவாக வந்திருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "புடவை இன்னும் கொஞ்சம் பச்சை காட்டணும். ஆனா இது என்னுதுதான்" என்றாள். ரா கோப்புகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.