'இ' காணாமல் போன கதை

இந்த முறை கொஞ்சம் வரலாறு. ராஜா, கோட்டை, போர் எல்லாம் கிடையாது. கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க உதவிய சின்னச் சின்ன மென்பொருள்கள், அவற்றில் இருந்த வழுக்கள் (அதாங்க, பக்), அவற்றைப் பற்றிப் பயனர்கள் சொன்ன புகார்கள். இவ்வளவுதான் விஷயம்.

முதலில் நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'திருவண்ணாமலை' என்பதில் கண்ணுக்குத் தெரிவது 7 எழுத்து. யூனிகோடில் அது 12 குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. இகரக் கொக்கி, உகரம், புள்ளி, துணைக்கால், ஐகாரக் கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகள். அதிலும் 'லை'யில் ஒரு வேடிக்கை. திரையில் கொம்பு ல-வுக்கு முன்னால் நிற்கும், உள்ளே சேமிப்பில் பின்னால் இருக்கும். அதை இடம் மாற்றிக் காட்டுவது கம்ப்யூட்டரின் வேலை. அது அந்த வேலையைச் செய்யாவிட்டால் ஊர்ப் பெயர் கடைசி எழுத்தில் உடைந்துவிடும். விண்டோஸ் 2000-இல்தான் மைக்ரோசாஃப்ட் முதலில் தமிழ் யூனிகோடுக்கு இடம் கொடுத்தது. எக்ஸ்பி-யிலும் கன்ட்ரோல் பேனலில் ஒரு டிக் அடித்து, சிடி போட்டு நிறுவ வேண்டும். பிரவுசிங் சென்டரில் யார் சிடி தருவார்கள்?

அதற்கும் முந்தைய காலம் இன்னும் கொடுமை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பை. இதைச் சரி செய்ய இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐரோப்பா என்று பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கியதுதான் திஸ்கி (தகுதரம் என்றும் சொல்வார்கள்). சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம், மலேசியாவின் முரசு அஞ்சல் முத்து நெடுமாறன் போன்றவர்கள் அதில் முக்கியமானவர்கள்.

திஸ்கியில்தான் நம் தலைப்பு வருகிறது. அதில் 'இ' எழுத்துக்கு 173-ஆம் இடத்தைக் கொடுத்திருந்தார்கள். ஆங்கில உலகத்தில் அந்த 173 ஏற்கெனவே ஒருவருக்குப் பட்டா போட்ட இடம்: சாஃப்ட் ஹைஃபன். வரி உடையும் இடத்தில் மட்டும் தலைகாட்டும் கோடு அது, மற்ற நேரம் ஒளிந்துகொள்ளும். விதியைச் சரியாகப் பின்பற்றிய மென்பொருள் என்ன செய்யும்? அந்த இடத்தில் எதுவும் காட்டாது. 'இது' வெறும் 'து' ஆகும், 'இலை' வெறும் 'லை' ஆகும். ஒரு மென்பொருளில் தெரியும் எழுத்து இன்னொன்றில் மறைந்துபோகும். திஸ்கி 1.7 பதிப்பில் 'இ'க்கு 254-ஆம் இடம் கிடைத்தது. ஒரு உயிரெழுத்து வீடு மாறிய கதை இது :-)

இங்கேதான் எனக்கு ஒரு கருத்து உண்டு. நம் கணித்தமிழ் வரலாற்றில் மாநாடுகளையும் அரசாணைகளையும்தான் பெரிதாக எழுதுகிறோம். 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு, தமிழ்99 விசைப்பலகை. 2010 ஜூனில் யூனிகோடுக்கு அரசு ஒப்புதல். இரண்டும் தேவைதான், மறுக்கவில்லை. (தமிழ்99 நிஜமாகவே நல்ல அமைப்பு. ண-வை இரண்டு முறை தட்டினால் முதல் ண-வுக்குத் தானாகப் புள்ளி விழும். அதனால் நம் ஊர்ப் பெயருக்கு 11 தட்டல் போதும்.) ஆனால் 'இ' மறைவது எந்த மென்பொருளில், எந்த இடத்தில் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் வேலையை அரசாணை செய்யாது. பயனர்தான் செய்ய வேண்டும். "வேலை செய்யலை" என்பது புலம்பல். எந்த விண்டோஸ், எந்த பிரவுசர், எந்த எழுத்து, எந்த வரிசையில் தட்டினேன் என்று சொல்வதுதான் புகார்.

சொன்னால் மட்டும் போதுமா? கேட்பவர் கையில் திருத்தும் சாவி இருக்க வேண்டுமே. இதற்கு எ-கலப்பை நல்ல உதாரணம். முகுந்தராஜும் 'தமிழா!' குழுவினரும் இலவசமாகக் கொடுத்த இந்த மென்பொருளால்தான் ஒரு தலைமுறையே இணையத்தில் தமிழ் எழுதியது. ஆனால் அதன் 2.0 பதிப்பின் இயந்திரம் அவர்களுடையது அல்ல. ஆஸ்திரேலியாவின் மார்க் டர்டின், 1993-இல் லாவோ மொழிக்காக எழுதத் தொடங்கிய கீமேன் அது. அன்று கீமேனின் மூலநிரல் மூடியே இருந்தது. இயந்திரத்துக்குள் பழுது என்றால் தமிழ்த் தன்னார்வலர் கை கட்டி நிற்க வேண்டியதுதான். 3.0 பதிப்பில் கீமேனை விட்டுவிட்டு, சொந்த நிரலைத் திறமூலமாக வெளியிட்டார்கள். கீமேனையும் 2015-இல் எஸ்ஐஎல் என்ற அமைப்பு எடுத்துக்கொண்டது, பிறகு அதுவும் திறமூலம் ஆனது.

ஃபயர்ஃபாக்ஸ் கதை தெரியுமா? பத்தியை இரு பக்கமும் சீராக்கினால் தமிழ் எழுத்துகள் பிய்ந்து தொங்கும். "ஜஸ்டிஃபை போடாதீங்க, படிக்க முடியலை" என்பது அன்றைய தமிழ்ப் பக்கங்களில் தினசரி மன்றாட்டு. 2008 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3-இல்தான் விடிவு வந்தது.

எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. 2005-இல் யூனிகோடு 4.1-இல் 'ஶ' என்ற எழுத்து சேர்ந்தது. அதற்கு முன் 'ஸ்ரீ'யை ஸ-வில் தொடங்கி அடித்தோம். இப்போது ஶ-வில் தொடங்குவதே முறை என்கிறது யூனிகோடு. பல எழுத்துருக்களில் இரண்டும் பார்க்க ஒன்றேபோல இருக்கும், உள்ளே வேறு வேறு. ஒரு ஃபைலில் 'ஸ்ரீ ரமணாசிரமம்' என்று ஒரு விதமாக அடித்துவிட்டு, இன்னொரு விதமாக அடித்துத் தேடிப் பாருங்கள். கண்ணெதிரே இருக்கும், ஆனால் "இல்லை" என்று பதில் வரலாம். உங்கள் கீபோர்டு எந்த ஸ்ரீயைத் தருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். எந்த விண்டோஸ், எந்த கீபோர்டு என்பதையும் சேர்த்து!